சான்டோரினி: அதீனா கார்டு கையில் இருந்தால் பையனை ஜெயிக்கவே முடியவில்லை

நாகலூர்க்காரி

வணக்கங்க. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதறேன். போன தீபாவளிக்கு என் தம்பி பெங்களூர்ல இருந்து சான்டோரினி போர்டு கேம் வாங்கியாந்து குடுத்தான். மழை மாசத்துல இங்க அஞ்சு மணிக்கெல்லாம் மூடுபனி ஜன்னல்கிட்ட வந்துடும், கரண்டும் போயிடும். எமர்ஜென்சி விளக்கை வெச்சுக்கிட்டு நானும் ஏழாவது படிக்கிற என் பையனும் தினம் ரெண்டு ஆட்டமாவது ஆடிருவோம்.

தெரியாதவங்களுக்கு: அஞ்சுக்கு அஞ்சு கட்டம், ஆளுக்கு ரெண்டு பொம்மை. ஒரு பொம்மையை நகர்த்தணும், நகர்ந்த எடத்துக்குப் பக்கத்துல ஒரு மாடி கட்டணும். ஒரு தடவைக்கு ஒரு மாடிதான் ஏறலாம், இறங்கறதுக்குக் கணக்கில்லை. மூணாவது மாடியில கால் வெச்சா ஜெயிச்சாச்சு. அதுக்கு முன்னாடி எதிராளி அதுமேல நீல மூடியைப் போட்டுட்டா அந்தக் கட்டடம் அதோட சரி. இதுபோக ஆளுக்கு ஒரு கிரேக்க சாமி கார்டு, சாமிக்கு ஒரு சக்தி.

பையன் எப்பவும் அதீனாவைத்தான் எடுக்கறான். அவன் பொம்மை ஒரு மாடி ஏறினா, அடுத்த என் முறைக்கு நான் ஏறவே கூடாது. ஒண்ணு மாத்தி ஒண்ணு ரெண்டு பொம்மையையும் ஏத்திக்கிட்டே போறான். நான் தரையிலயே சுத்திக்கிட்டு இருக்கேன். பதினோரு ஆட்டம் தோத்தாச்சு.

இன்னொரு வழக்கு. நேத்து நான் மினோடார் சாமி, எதிராளி பொம்மையைப் பின்னாடி தள்ளற சக்தி அதுக்கு. அவன் பொம்மை நின்ன கட்டத்துக்குள்ள போய் அதைப் பின்னாடி தள்ளினேன். பின்னாடி இருந்தது மூடி போடாத மூணாவது மாடி! "மேல ஏறிட்டேன், ஜெயிச்சுட்டேன்"னு குதிக்கறான். அது ஜெயிச்ச கணக்கா? அழுதுருவானோன்னு சரின்னு விட்டுட்டேன், ஆனா மனசு ஆறலை.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு

அக்கா, மொதல்ல வழக்கைத் தீர்த்துடலாம். அது ஜெயிச்ச கணக்கு இல்லீங்க. தன் முறையில தானா ஏறினாத்தான் வெற்றி. நீங்க தள்ளி மேல போனது சேராது. இன்னும் கேளுங்க: அங்க இருந்து பக்கத்துல இருக்கற வேற மூணாவது மாடிக்கு நடந்தாலும் வெற்றி இல்லை, ஏன்னா அது ஏறினதாகாது. கீழ இறங்கித்தான் திரும்ப ஏறணும். அவன் இறங்கின உடனே அங்க மூடியைப் போட்டுடுங்க.

இப்ப அதீனா. நான் கொலுசுப் பட்டறையில வேலை பாக்கறேன், ஞாயித்துக்கிழமை மச்சானோட தட்டுவடை செட் வாங்கி வெச்சுக்கிட்டு இதே ஆட்டம்தான். ஒரு வருசம் நானும் அதீனாகிட்ட அடி வாங்கினவன், அதனால சொல்றேன். அவ உங்களை ஏற விடாம பண்ணலாம். கட்ட விடாம பண்ண முடியாது. அப்படி ஏற முடியாம பூட்டு விழுந்த முறையை அவன் படிக்கட்டை உடைக்கறதுக்குப் பயன்படுத்துங்க. அவன் முதல் மாடியில நிக்கறான், பக்கத்துல ரெண்டாவது மாடி தயாரா இருக்கு. நீங்க அதுமேல ஒரு கட்டை வைங்க. மூணாயிடுச்சு, அவன் காலுக்கு எட்டாது. தரையில நிக்கறானா, பக்கத்துல இருக்கற ஒண்ணை ரெண்டாக்குங்க.

இன்னொண்ணு, ஏறினவன் இறங்காம பூட்டிக்கிட்டே இருக்க முடியாது. ஒரு பொம்மைக்குத் தரையில இருந்து ரெண்டு ஏத்தம்தான், மூணாவது ஏத்தம் வெற்றி. ஆக ரெண்டு பொம்மைக்கும் சேத்து நாலு பூட்டு. எண்ணிக்கிட்டே ஆடுங்க.

அஸ்தம்பட்டி கணக்கு டீச்சர்

தம்பி சொன்னது சரி. ஆனால் நான் முதலில் மாற்றச் சொல்வது கார்டு எடுக்கிற முறையை. விதிப்படி ஒருவர் இரண்டு சாமிகளைத் தேர்ந்து வைக்க வேண்டும், அதிலிருந்து மற்றவர் முதலில் எடுக்க வேண்டும், மிச்சம்தான் வைத்தவருக்கு. அண்ணன் தம்பி பங்கு மாதிரி: ஒருத்தன் வெட்டணும், இன்னொருத்தன் எடுக்கணும். உங்கள் பையன் அதீனாவை வைத்தால் நீங்கள் அதை எடுத்துக்கொள்ளலாம் அம்மா!

அதீனாவுக்கு எதிரில் பான் சாமியை வைத்துப் பாருங்கள். பாதி ஆடு, பாதி மனுஷன். இரண்டு மாடியோ அதற்கு மேலோ ஒரே எட்டில் இறங்கினால் பானுக்கு வெற்றி. அதீனா ஏறுவதைத்தானே தடுக்கிறாள், இறங்குவதை அல்லவே. இரண்டாவது மாடியில் நின்று, பக்கத்தில், அவன் பொம்மை வந்து நிற்க முடியாத இரண்டு கட்டம் வெறும் தரையாக இருந்தால் போதும். அவனால் ஒன்றைத்தான் மேடாக்க முடியும்.

இதை உருவாக்கிய கார்டன் ஹாமில்டன் கனடாவைச் சேர்ந்த கணிதக்காரர். 2004-லேயே வந்த ஆட்டம், இப்போது கடையில் கிடைக்கும் சாமிப் படங்களோடு 2016-க்குப் பிறகுதான் பரவலானது. பெட்டி வாங்க முடியாத பிள்ளைகளுக்கு நான் சிலேட்டில் 25 கட்டம் போட்டு, உயரத்தை 0, 1, 2, 3 என்று எழுதி அழிக்க வைத்தேன். பொம்மைக்குப் பதில் இரண்டு புளியங்கொட்டை, இரண்டு வேப்பங்கொட்டை. எங்கள் அப்பா கோயில் திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். அதிலும் இரு பக்கம் சமமில்லை: மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாவி வெட்டும், ஆடு சுற்றி நின்று அடைக்கும். அவர் எப்போதும் ஆட்டுப் பக்கம்தான் உட்காருவார், எங்கே புலி தாவும் என்பதை மட்டும் பார்ப்பார். நீங்களும் உங்கள் கார்டைப் பார்க்கும் நேரத்தைவிட அவன் கார்டைப் பார்க்கும் நேரம் அதிகமாக இருக்கட்டும்.

நாகலூர்க்காரி

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி நான் பானையும் அதீனாவையும் வெச்சேன். அவன் யோசிக்காம அதீனாவைத் தூக்கினான். அவன் நாலு பூட்டையும் விரல்ல எண்ணினேன். மூணாவது பூட்டுல அவன் படியை மூணாக்கிட்டேன், நாலாவதுல இருந்த ஒரே மூணாவது மாடிக்கு மூடியும் போட்டாச்சு. அவன் ஒரு பொம்மையைக் கீழ இறக்கினான். பூட்டு விழாத அடுத்த என் முறையில ஓரத்துல இருந்த ரெண்டாவது மாடிக்கு ஏறிட்டேன். பக்கத்துல ரெண்டு கட்டம் தரை. அவன் ரொம்ப நேரம் போர்டையே பாத்தான். ஒண்ணுல கட்டை வெச்சான். நான் இன்னொண்ணுல இறங்கினேன்.

அழலைங்க. "அம்மா, எப்படி?"ன்னு கேட்டான். கட்டையெல்லாம் திரும்ப அதே மாதிரி அடுக்கிக் காட்டினேன். மினோடார் வழக்கையும் சொன்னேன், ஒத்துக்கிட்டான். இன்னிக்கு அவன் வெக்கற முறை. ஆர்ட்டெமிஸ், அட்லஸ் ரெண்டு கார்டையும் டிபன் டப்பா பக்கத்துல எடுத்து வெச்சுட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கான். எதை எடுக்கட்டும், சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க.