படகில் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு சபை உதவலாமா?

பாலையூற்றான்:
எங்கள் அன்பியத்தில் (அயலிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) போன கிழமை பெரிய வாக்குவாதம். பக்கத்துத் தெருவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகில் போன ஒருவரைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கே இலங்கையில் வழக்கு நடக்கிறது, படகில் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க மீற்றர் வட்டிக்கு (நாளுக்கு நாள் ஏறும் கொடும் வட்டி) எடுத்த காசு அப்படியே நிற்கிறது. குடும்பத்துக்கு ஏதாவது சேர்த்துக் கொடுப்போம் என்றதற்கு, ஒரு மூத்தவர் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் உரோமையர் 13ஐ வாசித்து, சட்டத்தை மீறியவருக்குக் காசு கொடுத்தால் அடுத்த படகுக்கும் நாங்களே டீசல் அடித்த மாதிரி என்று முடித்துவிட்டார். அவர் சொல்வது முழுக்கப் பிழை என்றும் எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

உவர்மலை அக்கா:
தம்பி, 13ஐ வாசித்தவர் ஒரு பக்கம் முன்னால் 12ஐயும் வாசித்திருக்கலாம், அங்கேதான் "அந்நியரை உபசரிக்க நாடுங்கள்" என்று இருக்கிறது. 1990இல் திருகோணமலையிலிருந்து ஓடி, மன்னார்ப் பக்கம் படகேறி, தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பதிந்தவர்களில் எத்தனை பேரிடம் பாஸ்போட் இருந்தது? அவர்களுடைய பிள்ளைகள்தான் இன்று எங்கள் சபைகளில் பாட்டுக் குழுவில் நிற்கிறார்கள். சட்டம் பேசுகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டு வரட்டும்.

மூதூரான்:
அக்கா, உயிருக்குப் பயந்து ஓடினதையும் இப்போது ஏஜென்சிக்காரன் பேச்சைக் கேட்டுப் போவதையும் ஒன்றாக்காதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2241ஆம் பத்தியில் இரண்டும் இருக்கிறது. வசதியுள்ள நாடுகள் தங்களால் இயன்ற அளவு அந்நியரை ஏற்க வேண்டும், அரசு நிபந்தனை போடலாம், வருகிறவர் அந்த நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் வாசிப்பது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். அமெரிக்காவின் கூட்ட நாடுகடத்தலைக் கண்டித்து 2025 பெப்ரவரியில் ஆயர்களுக்குக் கடிதம் எழுதிய பாப்பரசர் பிரான்சிஸ்கூட, ஒரு நாடு தன்னைப் பாதுகாத்துக்கொள்ளும் உரிமையை அதே கடிதத்தில் ஒத்துக்கொண்டார். அது ஒருபுறம் இருக்க, படகில் வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை என்று அவுஸ்திரேலியா 2013இலிருந்து கடற்படையை வைத்துத் திருப்பிக்கொண்டிருக்கிறது. இதை மறைத்துத்தான் ஆள் பிடிக்கிறார்கள். சபை மேடையில் அவர்களைப் பற்றி யாராவது பேசியிருக்கிறார்களா? காசு வாங்கிய ஏஜென்சிக்காரனை விட்டுவிட்டு ஏமாந்தவனுக்கு வசனம் வாசிப்பதுதான் எனக்கும் பிடிக்கவில்லை.

பழைய ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்:
பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தை யாரும் தொடவில்லையே. ஒநேசிமு என்ற அடிமை தன் எசமான் பிலேமோனை விட்டு ஓடியவன். ஓடிவந்த அடிமையைப் பிடித்துக் கொடுக்காதே என்று உபாகமம் 23 சொல்ல, பவுல் அவனைத் திருப்பித்தான் அனுப்பினார், அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை, இவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கடிதம் கொடுத்து, அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வை என்று சொந்தக் கையால் எழுதினார். அப்படியென்றால் திருப்பி அனுப்பியது சரியா பிழையா என்று அந்த நாட்டுக் கிறிஸ்தவர்கள் சண்டை பிடிக்கட்டும், திரும்பி வந்தவனின் கடன் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த மூத்தவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள். 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தபோது, சாப்பாடு கொடுக்க முதல் விசா கேட்க வேண்டும் என்று அவர் சொல்லியிருப்பாரா?

பாலையூற்றான்:
அந்தக் கடன் வசனம் உண்மையிலேயே எனக்குத் தெரியாது சேர். ஞாயிறு பூசைக்குப் பிறகு பாதரிடம் பேசப்போகிறேன். கையில் காசாகக் கொடுத்தால் வட்டிக்காரன் அன்றே வந்து நிற்பான்.

உவர்மலை அக்கா:
அப்போ கையில் கொடுக்காதீர்கள். சட்டத்தரணியின் கட்டணத்தை நேரே அவரிடம் கட்டுங்கள், பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்தை அன்பியம் வாங்கட்டும். மூத்தவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் விலை பேசுவதில் கெட்டிக்காரர் போல இருக்கிறது.