புதுப்பிப்பு: ஏற்காட்டில் வேனுக்குள் ஈரம், மெத்தை நனைவது (தீர்ந்தது)

ஏற்காட்டில் இரவு தங்கினால் விடியும்போது எங்கள் கேம்பர் வேனின் கண்ணாடியெல்லாம் நீர் வடிகிறது, மெத்தையின் அடிப்பக்கம் சொதசொதவென்று இருக்கிறது, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கூரை ஒழுகவில்லை. சேலத்தில் நல்ல வெயிலில் ஹோஸ் பிடித்துப் பார்த்தோம், உள்ளே ஒரு சொட்டு இல்லை. "உங்கள் மூச்சும் அடுப்பும்தான் காரணம்" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் சரி. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வருகிறது! குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீர் போட்டால் அவ்வளவும் உள்ளேதான்.

இப்போது அடுப்பு வெளியே, தார்ப்பாய்க்கு அடியில். இரவில் கூரை விசிறியின் மூடி திறந்திருக்கும், எதிர்ப்பக்க ஜன்னலும் இரண்டு விரல் அகலம் திறந்திருக்கும். காலையில் கண்ணாடியில் லேசான பனிமூட்டம் மட்டும், துணியால் ஒரு துடைப்பு போதும்.

மெத்தையின் ஈரம் மட்டும் அதற்கும் அசையவில்லை. உடம்புச் சூட்டோடு இறங்கும் ஈரம் மெத்தைக்கு அடியில் குளிர்ந்த பிளைவுட்டில் பட்டு நீராகிறது. பிளைவுட்டை எடுத்துவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் மரச்சட்டம் வாங்கி இடைவெளி விட்டு அடித்தோம். காய்ந்துவிட்டது. ஈரத்தை உறிஞ்சக் கிண்ணத்தில் கல்லுப்பு வைக்கும் யோசனை எங்களுக்குப் பலன் தரவில்லை.

எதிர்பாராதது குரங்கு. அந்த இரண்டு விரல் சந்தில் கையை விட்டு வீட்டம்மாவின் மாத்திரை டப்பாவை இழுக்கப் பார்த்தது. ஜன்னலுக்குக் கம்பிவலை கட்டாயம், கொசுவலை போதாது.