புதுப்பிப்பு: கையெழுத்தில்லாத மகோகனி நாற்காலிகள்

பெயரே பொறிக்காத பழைய அமெரிக்க நாற்காலியை இன்னார் செய்தது என்று எப்படிச் சொல்கிறார்கள் எனக் கேட்டிருந்தேன் இல்லையா, பாதி விடை கிடைத்தது. முதலில் பின்பக்கம் பாருங்கள்: இருக்கையின் பக்கச் சட்டத்துக் கழுந்து (துளைக்குள் செருகும் முனை) பின்காலைத் துளைத்து வெளியே தெரிந்தால் பெரும்பாலும் பிலடெல்பியா வேலை. ஆள் யார் என்பதுதான் சிக்கல், ஏனென்றால் நாற்காலி செய்யும் தச்சர் வேறு, அதில் அலங்காரம் செதுக்குபவர் வேறு. பிலடெல்பியாச் செல்வந்தர் ஜான் காட்வாலடர் வீட்டுச் சாமான்களுக்குத் தச்சர் தாமஸ் அஃப்ளெக் 1770 வாக்கில் கொடுத்த பில்லிலேயே ரெனால்ட்ஸுக்கும், பெர்னார்ட் - ஜுகீஸ் ஜோடிக்கும் செதுக்குக் கூலி தனியாக இருக்கிறது! அந்த வீட்டு நாற்காலி ஒன்று, மயிர் அடர்ந்த விலங்குப் பாதம்போல் கால் செதுக்கியது (எனக்கு அது கொஞ்சம் ஓவர்தான்), 1987 ஏலத்தில் 27.5 லட்சம் டாலருக்குப் போனது.