பாக்கெட் தீனி பிள்ளைகளின் குடலைக் கெடுக்கிறதா?

தண்டையார்பேட்டை குமரன்:
என் பையனுக்கு ஏழு வயது. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான், அதுவும் அழுதுகொண்டே. காலையில் கிரீம் பிஸ்கட், மாலையில் கப் நூடுல்ஸ், அப்புறம் பத்து ரூபாய் சிப்ஸ். இதெல்லாம்தான் குடலைக் கெடுக்கிறது என்கிறேன். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

காசிமேடு மீனா:
தம்பி, பதப்படுத்தியதெல்லாம் கெடுதல் என்றால் கருவாடு? அதுவும் உப்புப் போட்டுக் காயவைத்ததுதானே. பாட்டி காலத்திலிருந்து தின்கிறோம். விடியுமுன் மீன் ஏலத்துக்கு ஓடுகிறவள், பிள்ளைக்கு பாக்கெட்டைப் பிரித்துக் கொடுக்காமல் என்ன செய்வாள்?

ராயபுரம் செல்வி:
அக்கா, கருவாட்டையும் கப் ஐஸையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். எவ்வளவு பதப்படுத்தியது என்று பார்த்து உணவை நான்கு வகையாகப் பிரிப்பது நோவா முறை, பிரேசிலின் கார்லோஸ் மான்டீரோ குழு வகுத்தது. அதில் கருவாடு மூன்றாம் வகை. நம் அடுப்படியில் இல்லாத பொருள்களைக் கலந்து ஆலையில் செய்வது நான்காம் வகை. நேற்று ஒரு ஐஸ்கிரீம் கப்பைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஐஎன்எஸ் 466, 407, 471. உணவில் கலக்கும் சேர்மானங்களுக்கான குறியீட்டு எண்கள் அவை. இதில் 466 என்பது கார்பாக்ஸிமீதைல் செல்லுலோஸ், கொழகொழப்புக்குச் சேர்ப்பது. 2015இல் வந்த ஆய்வில் எலிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். குடல் சுவரைக் காக்கும் சளிப் படலம் மெலிந்து, பாக்டீரியாக்கள் சுவருக்கு நெருங்கி வந்துவிட்டன.

காசிமேடு மீனா:
எலிக்கு ஆனது பிள்ளைக்கும் ஆகுமா?

ராயபுரம் செல்வி:
2022இல் மனிதர்களிடமும் பார்த்தார்கள். 16 பேர், 11 நாள். அதைச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்தன.

வியாசர்பாடி அன்பு:
அந்த ஆய்வில் கொடுத்தது தினம் 15 கிராம். சாதாரணமாக யாரும் அவ்வளவு சாப்பிடுவதில்லை, அதையும் சொல்லுங்கள். குமரன், உங்கள் பையனுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது நார்ச்சத்தைத்தான். தவிடு போன மைதாவில் அது சொற்பம். பெருங்குடல் பாக்டீரியாக்கள் நாரைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன, குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. பாக்கெட்டால் வயிறு நிறைந்த பிள்ளை கீரையைத் தொடுமா? தண்ணீரும் குடிக்கட்டும். அழுகிற அளவுக்கு வலித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ராயபுரம் செல்வி:
சரி, 15 கிராம் அதிகம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் தினமும், வருடக்கணக்கில் தின்கிறார்களே. மீனா அக்கா, ராத்திரியே சோற்றில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்திருக்கிறார்கள்.

காசிமேடு மீனா:
காலைக்கு அது சரி, அடுப்பே வேண்டாம். பள்ளி விட்டு வரும்போது? எங்கள் தெருக் கடை வாசலில் பிள்ளையின் கண்ணுக்கு நேரே தொங்குவது சிப்ஸ் சரம். அந்தக் கொக்கியில் வாழைத்தார் தொங்கட்டும், அப்புறம் என்னைக் கேளுங்கள்.