கோடைக்கு மலைப்பக்கம் நிதானமாக ஒரு ட்ரிப்: ஒன்பது இடத்தில் எதை வெட்டுவது?

வெயில்தாங்கி:
எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கோடையில் குடும்பத்தோடு மலைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. ட்ரெக்கிங், கூடாரம் அந்த மாதிரி எதுவும் இல்லை, சும்மா சுற்றிப்பார்த்து, நன்றாகத் தூங்கி எழுந்து வரவேண்டும், அவ்வளவுதான் ஆசை. நான், மனைவி, ஆறு வயதுப் பையன், எழுபதைத் தாண்டிய அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, பி.பி.யும் உண்டு. பையனுக்கு வளைவு ரோடு என்றாலே வாந்தி. கார் நான்தான் ஓட்டுகிறேன், மலை ரோட்டில் அவ்வளவாகப் பழக்கமில்லை.

உட்கார்ந்து லிஸ்ட் போட்டதில் ஒன்பது இடம் வந்துவிட்டது: இரண்டு அருவி, ஒரு ஏரி, நாலு வியூ பாயிண்ட், ஒரு கணவாய், 3,000 மீட்டருக்கு மேலே போகிற ஒரு கேபிள் கார். மூன்று ஊரில் மாறி மாறித் தங்குகிற மாதிரி பிளான். மேப்பில் பார்த்தால் ஒன்றுக்கொன்று முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான். லீவு முழுசாக ஒரு வாரம் கூட இல்லை. மனைவி லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, "இது லீவா, தேர்தல் பிரசாரமா?" என்று கேட்கிறாள். எதை வெட்டலாம் சொல்லுங்கள்.

மேகம்_கலைந்தது:
உங்கள் வீட்டுக்காரம்மா சொன்னதே தீர்ப்பு. ஆனால் இடத்தைக் குறைப்பதற்கு முன்னால் நேரத்தைப் பாருங்கள். கோடையில் மலையில் எதையாவது ஒழுங்காகப் பார்க்க முடிகிற நேரம் விடிந்ததிலிருந்து மதியம் பன்னிரண்டு, ஒரு மணி வரைக்கும்தான். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்குக் காற்று ஈரத்தையும் தூக்கிக்கொண்டு மேலே கிளம்பும், மேலே போகப் போகக் குளிர்ந்து மேகமாகிவிடும். காலை எட்டு மணிக்குப் பளிச்சென்று நின்ற சிகரம் பதினொன்றுக்கு வெள்ளைத் துண்டு ஒன்றைத் தலையில் கட்டிக்கொள்ளும், இரண்டு மணிக்கு ஆளையே காணோம், மூன்று மணிக்கு இடி. ராத்திரியில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கிவிடும், மறுநாள் காலையில் மறுபடி பளிச். தினமும் இப்படித்தான் என்றில்லை, ஆனால் அனேக நாள் இதுதான் நடக்கும்.

அதனால் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில். மதியம் சாப்பிட்டுத் தூங்குங்கள். மழை விட்டால் சாயங்காலம் தங்கிய இடத்தைச் சுற்றி ஒரு நடை. இதற்கு மேல் போட்டால் நிதானம் என்ற பேச்சே கிடையாது.

நாலு வியூ பாயிண்ட் எதற்கு? பெரும்பாலும் ஒரே பள்ளத்தாக்கை நாலு பக்கமாக நின்று பார்ப்பதுதான். மேற்கே பார்த்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், எதிரே உள்ள மலையில் மடிப்பு மடிப்பாக வெளிச்சம் விழும். கிழக்கே பார்த்ததில் சூரிய உதயம் மட்டும் நன்றாக இருக்கும், அதற்கப்புறம் கண் கூசும், எல்லாம் புகைமூட்டமாகத் தெரியும். அருவியை மப்பு போட்ட நாளுக்கு ஒதுக்குங்கள், அதைப் பார்க்க வானம் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை. (வானவில் வேண்டும் என்று பையன் கேட்டால் மட்டும் வெயில் வேண்டும், சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்.)

ஒரு விஷயம் விளையாட்டில்லை. மின்னல் தெரிந்து முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். வியூ பாயிண்ட்டில் நின்று வீடியோ எடுக்காமல் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி ஆனபிறகு வெளியே வந்தால் போதும். தனி மரத்தடியில் மட்டும் ஒதுங்கவே கூடாது.

நாலாம்_கியர்:
வண்டி விஷயத்துக்கு மட்டும் நான் வருகிறேன். மேப் காட்டுகிற நாற்பது கிலோமீட்டரை நம்பி நாளைப் பிரிக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவும் முன்னால் ஒரு லாரியும் இருந்தால் மணிக்கு 25 கிலோமீட்டர் போவதே பெரிய விஷயம், அதோடு பையனுக்காக நிறுத்துகிற நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், போக இரண்டு மணி, வர இரண்டு மணி, காலை முழுக்க ரோட்டிலேயே போய்விடும். கணவாயைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் வெட்டுங்கள், உங்கள் லிஸ்ட்டில் அதிக வளைவு அதில்தான் இருக்கும்.

இறக்கத்தில் எந்நேரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், அது சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் மோட். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றக்கூடாது. நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். இப்போதைய கார்களில் கியரில் இருந்து காலை எடுத்து இறங்கும்போது இஞ்சினுக்குப் பெட்ரோலே போகாது, நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குச் செலவாகும். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள்.

பையனைப் பின் சீட்டில், முன் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். போன், டேப்லெட் கையில் கொடுக்காதீர்கள். கண் ஸ்கிரீனைப் பார்த்து அசையவில்லை என்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வளைகிறோம் என்கிறது, அந்தச் சண்டைதான் வாந்தியாக வருகிறது. வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். மாத்திரை கொடுப்பதென்றால் டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்னாலேயே கொடுக்க வேண்டும், குமட்டல் ஆரம்பித்தபிறகு கொடுத்துப் பெரிய பிரயோஜனம் இல்லை. இதையெல்லாம் விட முக்கியம் ஓட்டுகிறவர் கால். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவில் ஒரே சீராக எடுங்கள், பாதிப் பேருக்கு வாந்தியே வராது.

ஊர்சுற்றிக்_கிழவன்:
எல்லாம் சரி, ஆனால் இப்படி வெட்டிக்கொண்டே போனால் தம்பி வீட்டிலேயே இருந்துவிடுவார். மூன்று ஊர் அதிகம், ஏனென்றால் ரூம் மாறுகிற நாளெல்லாம் பெட்டி கட்டுவதிலேயே நல்ல காலை நேரம் போய்விடும். அதற்காக ஒரே ஊரில் கிடந்தாலும் சலித்துவிடும். இரண்டு ஊர் போடுங்கள். முதலில் தாழ்வானது, அப்புறம் உயரமானது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்தில் 35 டிகிரி என்றால் அங்கிருந்து 2,000 மீட்டர் மேலே 22 டிகிரிதான், காற்றும் மழையும் சேர்ந்தால் உடம்புக்கு இன்னும் குறைவாகத் தெரியும். கோடைதானே என்று ஸ்வெட்டரை வீட்டில் விட்டுப் போகிறவர்கள்தான் அங்கே போய்ப் புதுசு வாங்குகிறார்கள். குளிருகிறதே என்று வெயிலையும் லேசாக நினைக்காதீர்கள், ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் புற ஊதாக் கதிர் கூடும், தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும்.

அம்மாவுக்காக ஒரு வேலை செய்யுங்கள். எந்த இடமானாலும் "பார்க்கிங்கிலிருந்து எத்தனை படி, ஏற்றமா இறக்கமா?" என்று முன்னாலேயே விசாரியுங்கள். அருவி பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கும், போகும்போது இறக்கம். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை, அதுவும் கீழே போய்ச் சேர்ந்தபிறகு திரும்பி ஏறித்தான் ஆகவேண்டும். ரோட்டிலிருந்தே தெரிகிற அருவி ஒன்று இருந்தால் அது போதும். ஏரிதான் அவருக்குத் தோதான இடம், சமதளமாக நடக்கலாம், உட்காரப் பெஞ்சு இருக்கும். ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வேண்டாம் என்பார், வண்டியில் போட்டு வையுங்கள்.

வெயில்தாங்கி:
எல்லோருக்கும் நன்றி. கணவாய், மூன்று வியூ பாயிண்ட், ஒரு அருவி எடுத்தாயிற்று. மீதி நாலு. மனைவிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அம்மாவோ கேபிள் காரை விடவே மாட்டேன் என்கிறார், அதற்காகத்தான் வருகிறாராம். 3,000 மீட்டர் அவருக்குச் சரிப்படுமா?

மேகம்_கலைந்தது:
பி.பி. இருப்பதால் அவர் டாக்டர் சரி என்று சொல்ல வேண்டும், அதை இங்கே கேட்டு முடிவு பண்ணாதீர்கள். பொதுவாகச் சொன்னால், உயர நோய் 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும்: தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை. மேலே போய் ராத்திரி தங்கினால்தான் அது பெரும்பாலும் தொந்தரவு கொடுக்கும், ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்குகிறவர்களுக்குக் குறைவு. ஆனாலும் கேபிள் காரில் உடம்புக்கு அவகாசமே கிடையாது. பிரான்சில் ஷாமொனி 1,035 மீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து 3,842 மீட்டர் உயரமுள்ள எகுய் டு மிடி சிகரத்தின் மேல் நிலையத்துக்குக் கேபிள் காரில் சுமார் இருபது நிமிடம்தான். 3,000 மீட்டரிலேயே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம், ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் சுமார் 30 சதவீதம் குறைவு. மேலே இறங்கியதும் பையன் ஓடுவான், ஓடவிடாதீர்கள். அம்மா நாலு எட்டு நடந்து நிற்கட்டும், தலை கனத்தாலோ மூச்சு வாங்கினாலோ அடுத்த வண்டியில் கீழே. கிழவர் சொன்ன வரிசையில் தங்கி, கேபிள் காரைக் கடைசியில் வைத்தால் அதற்குள் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும்.

நாலாம்_கியர்:
இறங்கும்போது காது அடைக்கும், பையனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வாருங்கள், விழுங்க விழுங்கத் திறந்துகொள்ளும். சளி இருந்தால் அவனைக் கூட்டிப்போக வேண்டாம். அப்புறம் பாதி தீர்ந்த ஷாம்பு பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டுங்கள், கீழே மூடின காற்று மேலே போனதும் விரியும், மூடியைத் திருகியதுமே கை, சட்டை, பெட்டி எல்லாம் ஷாம்புதான்.

ஊர்சுற்றிக்_கிழவன்:
கேபிள் காருக்கு முதல் வண்டியில் ஏறுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குக் கீழே வரும் என்று ஏறும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலமாகக் காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் அதற்கு அடுத்த நாள் காலையையும் காலியாக வையுங்கள்.