ரங்கூன் டவுனில் ஒரு நாள்: எங்கே போகலாம்?

பேத்தி: அடுத்த மாதம் யாங்கூன் (பழைய ரங்கூன்) வருகிறேன். தாத்தா அங்கே கடை வைத்திருந்தவர். வாய் திறந்தால் முகல் தெரு, சூரத்தி பஜார்தான். மேப்பில் இரண்டுமே இல்லை! கையில் ஒரே ஒரு நாள். எங்கே போகலாம்?

டவுன்காரன்: பேர் மாறி ரொம்ப நாளாச்சும்மா. முகல் தெரு இப்போ ஷ்வே பொந்தா தெரு. சூரத்தி பஜார்னா தெய்ன்ஜி சந்தை. டாக்ஸிக்காரர்கிட்ட புதுப் பேரையே சொல்லு.

அனவ்ரதா ரோட்டுல காளியம்மன் கோயில்ல ஆரம்பி. 1871-ல நம்ம ஆளுங்க கட்டினது. வாசல்ல பூ விக்கிற அம்மா கன்னத்துல தனகா (பர்மாக்காரங்க பூசிக்கிற மரப்பட்டைச் சாந்து), இடுப்புல லுங்கி. பர்மாக்காரின்னு நெனச்சு நான் பர்மியத்துல விலை கேட்டேன். "முழம் வேணுமா, மாலையா தம்பி?"ன்னாங்க!

பக்கத்துலயே 26-ம் தெருவுல யூதர் கோயில், 1896-ல கட்டி முடிச்சது. பெயிண்ட் கடைகளுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கும். பத்து வருஷம் அந்த வழியா நடந்தும் நான் கவனிச்சதில்ல. உள்ள அவ்வளவு உயரம், அவ்வளவு அமைதி.

அப்புறம் ஏதாவது டீக்கடையில உட்காரு. பையனைக் கூப்பிட முத்தம் கொடுக்கிற மாதிரி "ச்சு ச்சு"ன்னு சத்தம் கொடுக்கணும். நம்மூர்ல செஞ்சா உதைதான்!

மோல்மேன் மாமா: திங்கட்கிழமை வேண்டாம், ஸ்காட் மார்க்கெட் (இப்போ போஜோ ஆங் சான் சந்தை) மூடியிருக்கும். சாயங்காலம் 19-ம் தெரு போங்க, சுட்ட மீன் கிடைக்கும்.

டவுன்காரன்: மாமாவுக்கு மீனை விட்டா வேற நினைப்பே கிடையாது. காலையில மொய்ங்கா சாப்பிடும்மா, வாழைத்தண்டு போட்ட நூடுல்ஸ் சூப்.

பேத்தி: புதன்கிழமை வர்றேன். மொய்ங்கா பாட்டி செய்வாங்க, தெரியும்!