புதுப்பிப்பு: கொச்சி மட்டாஞ்சேரி குடோன் சுவரில் உப்பு பூப்பது நின்றது

உதவிய எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: டிசைன் ஸ்டுடியோவாக மாற்றும் காயலோரப் பழைய மசாலா குடோனில், வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவர் இடுப்பளவுக்கு ஓதம் (தரையீரம்) ஏறி, புது பெயின்ட் பொரிந்து உதிர்ந்தது. வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிக்கலாமா?

வேண்டாம், சிமென்ட் பூச்சை உரியுங்கள் என்றவர் சொன்னதே பலித்தது. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. தண்ணீர் இன்னும் மேலே ஏறி, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிக் கல்லையே அரிக்கும்.

ஓதக் கோட்டுக்கு மேல் அரை மீட்டர் வரை உரித்து, கல் இணைப்புகளை 20 மி.மீ. ஆழம் சுரண்டினோம். ஆர்.ஓ. (உப்பு நீக்கிய) தண்ணீரில் ஊறிய காகிதக்கூழை 15 மி.மீ. கனத்தில் அப்பி, முழுக்கக் காய்ந்ததும் உரித்தெடுத்தால் உப்பு அதோடு வருகிறது. ஒரு தடவை போதாது. பிறகு பூச்சு: சுண்ணாம்பு 1, மணல் 3, கொஞ்சம் சுர்க்கி (செங்கல் தூள்). ஒரு கோட் 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். மணல் கழுவிய ஆற்றுமணலாக இருக்கட்டும். உப்பு மணல் போட்டால் எல்லாம் வீண். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் கூடாது.

எதிர்பாராதது: வயரிங் பைப் போன தடத்தில் மட்டும் மறுபடி ஈரத்திட்டு. பைப்புக்காக வெட்டிய பள்ளத்தை பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வைத்து அடைத்திருந்தார்கள், அது ஈரத்தைக் குடித்து மாவாகிறது. குடைந்தெடுத்து சுண்ணாம்புக் கலவை அடைத்தபின் சரியானது. கீழ்ச்சுவரில் இனி பைப்பைச் சுவருக்குள் புதைக்காமல் மேற்பரப்பிலேயே ஓட்டுவதே மேல்.

முதல் மழைக்காலத்தில் லேசாக வெள்ளை படியும். உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். தண்ணீரில் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும். பின்-போர்டுகளை (ஊசி குத்திக் காகிதம் மாட்டும் பலகைகளை) சுவரிலிருந்து 40 மி.மீ. தள்ளி மாட்டியிருக்கிறோம்.